கேபிள் அறுந்த இரண்டு வருசம்

வள்ளியூரில் பார்த்த வண்டிக்கு
மீட்டரில் எழுபதாயிரம்தான்.
கிளட்ச் மிதியின் ரப்பரோ
எவனோ ஒருவனின் பாதம்போல் குழிந்து
இரும்பு தெரிந்தது.
மைதீன் பிச்சை மிதியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"வாங்க, ஒரு டீ குடிப்போம்" என்றார்.
அதுதான் அவர் வேண்டாம் என்று சொல்லும் விதம்.

நாங்குநேரியில் ஒன்று. புதுப் பெயின்ட்.
மல்லாந்து அடியில் புகுந்து
சேசிஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே போனார்.
டங். டங். டங்.
நாலாவது இடத்தில்
அழுகின பூசணியைத் தட்டிய சத்தம்.
மறுபடியும் டீ.

ஐந்தாவது டீக்குப் பிறகு திசையன்விளை.
முருங்கைக்காய் மண்டிக்குப் பின்னால்
உடைமரத்து அரைநிழலில் நின்றது.
வெள்ளை என்கிறது ஆர்சி புக்.
தேரிக்காற்று வேறு நிறம் சொல்கிறது.

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஆறு.
வாசித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
கையில் இருந்தது இரண்டே முக்கால் லட்சம்.
களக்காட்டிலிருந்து தார் ஏற்றி அனுப்ப
நடைக்கு இரண்டாயிரம் என்று
ஏழு வருசம் அடுத்தவன் வண்டிக்கு
அழுதது போக மிச்சம்.

மைதீன் பிச்சை பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.
"சூடா இருக்கே அண்ணாச்சி."
"காலைல உவரிக்கு ஒரு லோடு போச்சுல்லா."
"அப்ப ஆறட்டும்."

ஆற மூன்று மணி நேரம்.
சூட்டில் எந்த இஞ்சினும் சிரித்துப் பேசும்.
ஆறிக் கிடக்கையில் கூப்பிட்டுப் பார்க்கணும்.
ஞானசிகாமணி கலர் வாங்கிக் கொடுத்தார்.
நான் முருங்கை விலை கேட்டேன்,
அவர் ஏத்தன் விலை கேட்டார்,
இருவருமே பொய் சொன்னோம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றினார்கள்.
வெளிச்சுற்றில் செம்மண் அப்பியிருந்தது.
உள்ளே விட்ட விரல்
விரலாகவே திரும்பி வந்தது.

பிறகு சாவி.
ஒரே திருப்பு.
ஒரு வாய் கறுப்புப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை.
எண்ணெய் மூடியைக் கழற்றி
வாயில் கவிழ்த்து வைத்தார்.
ஓடுகிற இஞ்சின்மேல் மூடி
உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஞானசிகாமணி துண்டை
இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.
"ஒண்ணு சொல்லிருதேன்.
கேபிள் அறுந்து ரெண்டு வருசம் மீட்டர் ஓடல.
ஒரு எம்பதாயிரத்தக் கூட்டிக்கிடுங்க."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
நான் டீக்குக் காத்திருந்தேன்.
மைதீன் பிச்சை கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்த கையையே மறுபடியும்.
டீ வரவில்லை.

"அந்த எம்பதாயிரத்துக்கு எவ்வளவு குறைப்பீங்க?"
"சொன்னதுக்கா குறைக்கச் சொல்லுதீங்க?"
"சொன்னதுக்கு இல்ல, ஓடுனதுக்கு."
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
அதிலேயே ஏழாயிரம் போயிற்று.

ஆர்சி அவர் மனைவி பேரில்.
மண்டியிலிருந்து வந்த ராசகிளி
தராசுக் கையோடு
படிவம் இருபத்தொன்பதில் ஒன்று, முப்பதில் ஒன்று
கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:
"மூணாவது கியரு கோவப்படும்.
தள்ளாதீங்க. ஒரு மூச்சு விட்டுப் போடுங்க."

இட்டமொழி தாண்டும்போது மூச்சு விட்டுப் போட்டேன்.
விழுந்தது.
காற்றாலைகள் சும்மா நின்றன.
நானூற்று இருபத்தேழு, இருபத்தெட்டு.
ஒவ்வொரு எண்ணோடும் எண்பதாயிரத்தைக்
கூட்டிக்கொண்டே ஓட்டினேன்.
பொய் சொல்லாத கணக்கைப் போடுவது
கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

நாங்குநேரிக்கு முன்னால் தூறல்.
இடது வைப்பர் அசையாது என்பதை மட்டும்
யாரும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மைதீன் பிச்சை
எதுவும் தெரியாத கண்ணாடியைப் பார்த்தபடி
"ஒரு டீ குடிப்போமா" என்றார்.
நெஞ்சு பதறி பிரேக்கை மிதித்தேன்.

நேராக நின்றது வண்டி.
எதிரே உண்மையிலேயே
ஒரு டீக்கடை.